கடல் இல்லாத ஊரில் பிறந்து கடற்படைக்குத் தலைவரானவர்!

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் கடல் கிடையாது. ஏரி உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை உண்டு. பொழுது விடிந்தால் ஷிப்டு பஸ்கள் வரிசையாக ஓடும். பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு லாரிகள் போகும்.

அந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன?

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் போகின்றன. ஒரகடத்தில் செய்த கார் அங்கே கப்பல் ஏறுகிறது. கடல் கடந்து அன்னிய நாட்டுத் தெருக்களில் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிச் சாமான்களும் கப்பலில்தான் வருகின்றன. கடல்வழி பத்திரமாக இருந்தால்தான் இந்த ஊரில் சக்கரம் சுழலும். தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியும்.

அந்தக் கடல்வழியைக் காப்பது கடற்படை.

இந்தியக் கடற்படைக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர் யார் தெரியுமா? பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்தவர்தான்! பிள்ளைப்பாக்கமும் ஸ்ரீபெரும்புதூரும் அந்த நாளில் அதே ஜில்லாவில்தான் இருந்தன.

அவர் பெயர் ராம்தாஸ் கட்டாரி.

கட்டாரி என்றால் தமிழில் குத்துவாள் என்று பொருள். ஆனால் இந்தக் கட்டாரி வாளை உறையில் போட வேண்டிய வேளையில் போடத் தெரிந்தவர். அவருடைய வாழ்க்கையின் பெருமை பாதி கடலில் இருக்கிறது. மறுபாதி, கடலை விட்டு இறங்கிய பிறகு அவர் செய்த வேலையில் இருக்கிறது.

ஏரிக்கரை ஊர்

கட்டாரி 1911ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி செங்கல்பட்டில் பிறந்தார்.

செங்கல்பட்டில் அலை அடிப்பதில்லை. கொளவாய் ஏரிதான் அந்த ஊருக்குக் கடல். உண்மையான கடலைப் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் பக்கம் போக வேண்டும். கட்டாரி படித்ததோ அதைவிடத் தூரம். ஐதராபாத், செகந்திராபாத் பக்கம் அவர் கல்வி கற்றார். அந்தச் சீமையில் பாறை உண்டு, ஏரி உண்டு, கடல் மட்டும் இல்லை.

அப்படிப்பட்ட பையனுக்குக் கடல் உத்தியோகத்தில் எப்படி ஆசை வந்தது என்று கேட்கலாம். ஆசை வந்தால் மட்டும் போதுமா? அந்தக் காலத்தில் வழி இருக்க வேண்டுமே!

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியர்கள் கப்பலில் வேலை பார்த்தார்கள். எப்படிப்பட்ட வேலை? கரி அள்ளிப் போடுவார்கள். தளத்தைக் கழுவுவார்கள். கயிறு இழுப்பார்கள். சமையல் செய்வார்கள். ஆனால் கப்பலை ஓட்டும் அதிகாரியாக நிற்கும் இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது வெள்ளைக்காரருக்கு என்று ஒதுக்கி வைத்ததுபோல் இருந்தது.

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கப்பல் வாங்கி ஓட்டிக் காட்டினார். அவரைச் சிறையில் தள்ளினார்கள். கம்பெனி நொடித்துப் போயிற்று. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சாகவில்லை. சொந்தக் கப்பல் வேண்டும். அதை ஓட்டச் சொந்த நாட்டு மாலுமிகளும் வேண்டும். இந்தக் கோரிக்கை ஆண்டுக்கு ஆண்டு பலத்தது. கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது.

கப்பலே பள்ளிக்கூடம்

1927ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு புதுமையான பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அதற்குக் கட்டடம் கிடையாது. ஒரு பழைய கப்பலே பள்ளிக்கூடம்!

அந்தக் கப்பலின் பெயர் 'டப்ரின்'. முன்பு பட்டாளத்தை ஏற்றிச் சென்ற கப்பல் அது. அதை மஜகானுக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி நிறுத்தினார்கள். இந்தியப் பையன்களைச் சேர்த்துக் கப்பல் அதிகாரி ஆவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாடு, படுக்கை, பாடம், விளையாட்டு எல்லாம் கப்பலிலேயே. படிப்பு மூன்று ஆண்டு.

அந்தக் கப்பலில் ஏறிய முதல் கோஷ்டியில் கட்டாரியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 16.

முதல் கோஷ்டி என்றால் லேசான காரியம் அல்ல. முன்னே போனவன் காட்டிய தடம் இல்லை. "இந்தப் பையன்களால் முடியுமா?" என்று சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் பலர். ஒரு பையன் தவறினாலும், "இந்தியர்களுக்கு இது ஒத்துவராது" என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கட்டாரி தவறவில்லை. வைசிராயின் தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

டப்ரின் கப்பலில் பயின்ற பிள்ளைகள் பிற்காலத்தில் கப்பல் தலைவர்களாகவும் கடற்படை அதிகாரிகளாகவும் விளங்கினார்கள். 1972இல் அந்தக் கப்பல் ஓய்வு பெற்றது. 'ராஜேந்திரா' என்ற கப்பல் அதன் இடத்துக்கு வந்தது.

ஆற்று மணல் சொன்ன பாடம்

படிப்பு முடிந்ததும் கட்டாரி கல்கத்தாத் துறைமுகத்துப் பணிக்குப் போனார்.

கல்கத்தா கடற்கரையில் இருக்கும் ஊர் அல்ல. கடலிலிருந்து ஹூக்ளி நதி வழியாக நெடுந்தூரம் உள்ளே வந்தால்தான் துறைமுகம். அந்த நதி பொல்லாதது. தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள் உண்டு. இன்று இருக்கும் திட்டு நாளை நகர்ந்துவிடும். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று கப்பல் தரை தட்டும். தட்டிய கப்பலை வெள்ளம் புரட்டிவிடும். இப்படி அந்த நதியில் மூழ்கிய கப்பல்கள் எத்தனையோ!

ஆகையால் நதியின் ஆழத்தை ஓயாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளந்ததைப் படத்தில் குறிக்க வேண்டும். குறித்த அளவில் பிழை இருந்தால் நூற்றுக்கணக்கான உயிர் போகும்.

பொறுமையும் கணக்கும் தேவைப்படும் வேலை அது. வாய்ச்சவடால் அங்கே செல்லாது.

யுத்தம் அழைத்தது

1939இல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. அதுவரை வணிகக் கப்பல் பக்கம் இருந்த கட்டாரி, கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். அப்போது அதன் பெயர் ராயல் இந்தியக் கடற்படை.

அந்த யுத்தத்தில் கப்பல்களுக்குப் பெரிய எமன் நீர்மூழ்கிக் கப்பல். அது தண்ணீருக்கு அடியில் பதுங்கி வரும். கண்ணுக்குத் தெரியாது. மேலே போகும் கப்பலை அடியிலிருந்து அடித்து மூழ்கடித்துவிடும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீருக்குள் ஒலியை அனுப்புவார்கள். ஒலி எதிலாவது மோதித் திரும்பி வரும். திரும்ப வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டால், எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

நீர்மூழ்கிகளை வேட்டையாடும் இந்தக் கலையில் கட்டாரி தேர்ச்சி பெற்றார்.

யுத்தம் முடிந்தது. ஆனால் கடற்படைக்குள் வேறு ஒரு புயல் வீசியது. 1946ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பம்பாயில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் அவமரியாதைப் பேச்சு, வெள்ளையருக்கு ஒரு நீதி நமக்கு ஒரு நீதி - இவைதான் காரணம். சுமார் 20,000 மாலுமிகள் அதில் கலந்துகொண்டார்கள். கப்பலுக்குக் கப்பல் தீ பரவியதுபோல் பரவிற்று.

"எங்கள் கப்பலுக்கு எங்கள் அதிகாரி எப்போது வருவார்?" என்ற கேள்வியும் அந்தக் கிளர்ச்சியில் அடங்கியிருந்தது.

பதினொரு ஆண்டு காத்திருப்பு

1947 ஆகஸ்டு 15ஆம் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. மூவர்ணக் கொடி பறந்தது. ஆனால் முப்படைகளின் தலைமை உடனே நம் கைக்கு வந்துவிடவில்லை.

தரைப்படைக்கு முதலில் இந்தியத் தலைவர் வந்தார். 1949 ஜனவரி 15ஆம் தேதி ஜெனரல் கரியப்பா பதவி ஏற்றார். விமானப் படைக்கு 1954 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரதோ முகர்ஜி தலைவர் ஆனார்.

கடற்படை மட்டும் காத்திருந்தது.

ஏன்?

பெரிய கப்பலுக்குத் தலைவன் ஒரு நாளில் உருவாகிவிட மாட்டான். சிறிய கப்பலில் நின்று பழக வேண்டும். பிறகு நடுத்தரக் கப்பல். பிறகு பல கப்பல்கள் சேர்ந்த அணி. அதற்கும் மேலேதான் முழுப் படையின் தலைமை. இதற்கு 25 ஆண்டு, 30 ஆண்டு அனுபவம் தேவை. ஆனால் இந்தியர்களுக்குக் கடற்படை அதிகாரிப் பதவியின் கதவு மிகவும் பிந்தித்தான் திறந்தது. 1928இல்தான் முதன்முதலாக ஓர் இந்தியர் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். கதவைப் பூட்டி வைத்திருந்துவிட்டு, "உள்ளே ஆள் இல்லையே" என்றால் என்ன செய்வது?

ஆகவே சுதந்திரத்துக்குப் பிறகும் பிரிட்டிஷ் அட்மிரல்கள் தலைமையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இந்திய அதிகாரிகள் படிப்படியாக ஏறினார்கள். 1950 ஜனவரி 26ஆம் தேதி நாடு குடியரசு ஆனதும் 'ராயல்' என்ற சொல் நீங்கியது. இந்தியக் கடற்படை என்று பெயர் நிலைத்தது.

கட்டாரியும் ஒவ்வொரு படியாக ஏறினார். 1956இல் இந்தியக் கப்பல் அணி முழுவதற்கும் தளபதி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

1958 ஏப்ரல் 22ஆம் தேதி அந்த நாள் வந்தது. கடைசி வெள்ளைக்காரத் தலைவரான சர் ஸ்டீபன் கார்லில் விடைபெற்றார். வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி கடற்படைத் தலைவராகப் பதவி ஏற்றார்.

டப்ரின் கப்பலில் ஏறியபோது வயது 16. தலைமைப் பதவியில் அமர்ந்தபோது வயது 46. இடையில் முப்பது ஆண்டு உழைப்பு!

மிதக்கும் விமான நிலையம்

கட்டாரி தலைவராக இருந்த நான்கு ஆண்டுகளில் கடற்படை வேகமாக வளர்ந்தது. 'குக்ரி', 'திரிசூல்', 'தல்வார்', 'பியாஸ்', 'பேத்வா' என்று புதிய போர்க்கப்பல்கள் அணியில் சேர்ந்தன.

அதைவிடப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. கல்கத்தாவில் கார்டன் ரீச் பட்டறையில் 'அஜய்' என்ற போர்க்கப்பலை நம் தொழிலாளர்களே கட்டினார்கள். சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பல் அது. 1961இல் கடற்படையில் சேர்ந்தது. சின்னக் கப்பல்தான். ஆனால் சொந்தக் கையால் செய்தது.

அதே ஆண்டில் பெரிய கப்பல் ஒன்றும் வந்தது. அதுதான் 'விக்ராந்த்'.

அது கப்பலா, விமான நிலையமா? இரண்டும்தான்! அதன் நீளம் 200 மீட்டருக்கு மேல். அதன் மேல்தளத்திலிருந்து போர் விமானங்கள் பறந்து போகும்; திரும்பி வந்து இறங்கும். ஓடுகிற கப்பலில், ஆடுகிற தளத்தில் விமானத்தை இறக்குவது ஓடும் பஸ்ஸின் கூரையில் குதிப்பது போன்ற வேலை. விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே இரும்புக் கயிறுகள் இருக்கும். கொக்கி கயிற்றில் மாட்டியதும் விமானம் நின்றுவிடும். மாட்டவில்லையானால் மறுபடியும் மேலே கிளம்பிவிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கடல்தான்!

பிரிட்டனில் பாதி கட்டி நிறுத்தியிருந்த அந்தக் கப்பலை 1957இல் இந்தியா வாங்கியது. கட்டி முடித்து, 1961 மார்ச் 4ஆம் தேதி பெல்பாஸ்ட் நகரில் விஜயலட்சுமி பண்டிட் முன்னிலையில் கடற்படையில் சேர்த்தார்கள். 1961 நவம்பர் 3ஆம் தேதி அது பம்பாய்க்கு வந்தது. பிரதமர் நேரு வரவேற்றார்.

வந்து சேர்ந்த ஆறு வாரத்துக்குள் வேலை வந்துவிட்டது.

கோவாவில் கொடி இறங்கியது

பிரிட்டிஷார் போனார்கள். பிரெஞ்சுக்காரர்களும் புதுச்சேரியை விட்டுப் போனார்கள். போர்ச்சுகீசியர் மட்டும் கோவாவை விட்டுப் போக மறுத்தார்கள். 1510ஆம் ஆண்டிலிருந்து அங்கே அவர்கள் ஆட்சி. நேரு 14 ஆண்டு பேசிப் பார்த்தார். லிஸ்பனில் இருந்த சர்வாதிகாரி சலாசார் அசையவில்லை.

1961 நவம்பரில், கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவிலிருந்து 'சபர்மதி' என்ற பயணிக் கப்பலை நோக்கிச் சுட்டார்கள். ஒரு மீனவர் குண்டு பட்டு இறந்தார். நாடு கொதித்தது.

டிசம்பர் 18ஆம் தேதி முப்படைகளும் புறப்பட்டன. கடற்படைக்கு மூன்று பொறுப்பு. அஞ்சதீவைப் பிடிக்க வேண்டும். மர்மகோவாத் துறைமுகத்தை அடைக்க வேண்டும். டையூவுக்குத் துணை போக வேண்டும்.

மர்மகோவாவில் 'அபான்சோ டி அல்புகர்க்' என்ற போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் நின்றது. 'பேத்வா'வும் 'பியாஸ்' கப்பலும் அதை எதிர்த்துச் சுட்டன. அந்தக் கப்பல் அடிபட்டுக் கரையில் தரை தட்டியது. அதன் தலைவரும் காயமுற்றார்.

அஞ்சதீவில்தான் துக்கம் நேர்ந்தது. 'திரிசூல்', 'மைசூர்' என்ற கப்பல்களிலிருந்து மாலுமிகள் படகில் போய்க் கரையில் இறங்கினார்கள். மறைவிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. நம் மாலுமிகள் 7 பேர் உயிர் இழந்தார்கள். ஆனாலும் தீவில் இந்தியக் கொடி ஏறியது.

டிசம்பர் 19ஆம் தேதி மாலை போர்ச்சுகீசிய கவர்னர் சரணடைந்தார். 450 ஆண்டு ஆட்சி இரண்டு நாளில் முடிந்தது.

சுதந்திர இந்தியக் கடற்படை துப்பாக்கிக் குரல் எழுப்பிய முதல் பெரிய போர் அது. அப்போது அதன் தலைவர், செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி.

வெற்றி பெற்ற தளபதிகள்

யுத்தத்தில் வென்ற தளபதிக்கு ஜனங்களிடம் செல்வாக்கு பெருகும். அந்தச் செல்வாக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

கிரேக்க நாட்டைப் பாருங்கள். அங்கே கடல் வீரர்கள் அரசியலில் உச்சிக்குப் போயிருக்கிறார்கள். கனாரிஸ் என்ற மாலுமி 1822இல் துருக்கியரின் தலைமைக் கப்பலைத் தீப்படகு விட்டுக் கொளுத்தினார். கிரேக்கம் சுதந்திரம் பெற்ற பிறகு பல தடவை பிரதம மந்திரியாக இருந்தார். 1877இல் பிரதம மந்திரியாக இருக்கும்போதே காலமானார். 1912ஆம் ஆண்டுப் போரில் கப்பல் அணியை நடத்தி வென்ற அட்மிரல் கூண்டூரியோட்டிஸ், 1924இல் கிரேக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதி ஆனார்.

படையிலிருந்து விலகிய பிறகு அரசியலுக்கு வருவதில் தவறு இல்லை. இந்தியாவிலும் கரியப்பா 1971இல் பம்பாயில் தேர்தலுக்கு நின்றார், தோற்றார், வீட்டுக்குப் போனார். ஓட்டுப் போட்டவர்கள் தீர்ப்பை ஒரு ஜெனரலும் ஏற்றுக்கொண்டார். இது மக்களாட்சியின் அழகு.

தவறு எங்கே வருகிறது? யூனிபாரத்தோடும் துப்பாக்கியோடும் வந்து நாற்காலியில் உட்காரும்போது வருகிறது.

கட்டாரி 1962 ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். பி.எஸ்.சோமன் அடுத்த தலைவர் ஆனார். கட்டாரிக்கு அப்போது வயது 50. கப்பல்களையும் விமானங்களையும் ஆயிரக்கணக்கான மாலுமிகளையும் ஆட்டி வைத்தவர் அடுத்து எங்கே போனார் தெரியுமா?

பஸ் கம்பெனிக்கு!

அட்மிரலும் டவுன் பஸ்ஸும்

ஆந்திரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டாரி தலைவராக நியமிக்கப்பட்டார். 1932இல் நிஜாம் ஆட்சியில் 27 பஸ்களோடு தொடங்கிய அமைப்பு அது. 1958இல் கழகமாக மாறியது.

"கடற்படைத் தலைவருக்கு இது இறக்கம் அல்லவா?" என்று சிலருக்குத் தோன்றும்.

யோசித்துப் பாருங்கள். பஸ் நேரத்துக்கு வந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. காய்கறிக்காரி சந்தைக்குப் போகிறாள். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகிறான். பஸ் வராவிட்டால் கூலிக்காரனுக்கு அன்றையக் கூலி இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்கும் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கப்பலுக்கும் பஸ்ஸுக்கும் நிர்வாகம் ஒன்றுதான். எஞ்சினைப் பழுது பார்க்க வேண்டும். எண்ணெய்க் கணக்கு எழுத வேண்டும். ஆள் முறை போட வேண்டும். குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும். ஏறியவர்களைப் பத்திரமாக இறக்க வேண்டும்.

நேற்றுவரை பீரங்கி மரியாதை வாங்கியவர் இன்று டிக்கெட் கணக்குப் பார்க்கிறார் என்றால், அந்த நாட்டில் படைத்தலைவர் பதவி ஓர் உத்தியோகம். அரியணை அல்ல என்று அர்த்தம். இதைத்தான் வெளிநாடுகள் வியந்து பார்த்தன.

ரங்கூனில் கண்ட காட்சி

1964இல் சர்க்கார் கட்டாரியை மீண்டும் கடல் கடந்து அனுப்பியது. இந்தத் தடவை போர்க்கப்பலில் அல்ல. பர்மாவுக்கு இந்தியத் தூதராக அனுப்பியது.

தமிழர்களுக்குப் பர்மா அன்னிய நாடாக இருந்ததில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு மரம் பர்மாத் தேக்கு. வயலில் வேலை செய்ய, துறைமுகத்தில் மூட்டை தூக்க, கடை வைக்க, வட்டிக்கடை நடத்தத் தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1931இல் ரங்கூன் நகர ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

1942இல் ஜப்பானியர் குண்டு போட்டபோது பல லட்சம் பேர் ஓடி வந்தார்கள். காட்டிலும் மலையிலும் நடந்து வந்து வழியிலேயே மாண்டவர்கள் பலர். யுத்தம் ஓய்ந்த பிறகு தப்பியவர்களில் பலர் திரும்பிப் போய் மீண்டும் கடை திறந்தார்கள்.

1962 மார்ச் 2ஆம் தேதி பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். பிரதம மந்திரி ஊ நுவைச் சிறையில் வைத்தார். பார்லிமெண்டைக் கலைத்தார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

1963இல் பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1964 மார்ச் மாதம் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. காலையில் கடைக்குப் போன முதலாளி, வாசலில் ராணுவச் சிப்பாய் நிற்பதைக் கண்டார். உள்ளே இருந்த சரக்கும் பெட்டியும் அவருடையது அல்ல என்றார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலையணைக்குள் வைத்திருந்த சேமிப்பு ஒரே நாளில் வெறும் காகிதம் ஆயிற்று.

வாழ வழி இல்லை. ஊர் திரும்ப வேண்டியதுதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல்கள் வந்தன. பணம் கொண்டுவரக் கூடாது. நகைக்கும் கெடுபிடி. இரண்டு தலைமுறை உழைத்தவர்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினார்கள்.

இந்த நெருக்கடி ஆண்டுகளில் ரங்கூனில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் கட்டாரி.

தூதருக்கு அங்கே படை கிடையாது, பீரங்கி கிடையாது. அந்த நாட்டுச் சட்டத்தை மாற்ற அதிகாரமும் இல்லை. தூதரகம் செய்யக்கூடியது இவ்வளவுதான்: புறப்படுகிறவர்களுக்குப் பயணச் சீட்டு, பத்திரம் கொடுக்க வேண்டும். கப்பலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பறிகொடுத்த சொத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுத வேண்டும். கோபத்தை அடக்கிக்கொண்டு பேச வேண்டும். ஏனென்றால், அங்கேயே தங்கிவிட்ட இந்தியர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தூதர் வார்த்தையைக் கொட்டினால் அடி அவர்கள் முதுகில் விழும்.

கோவாவில் பீரங்கி பேசியது. ரங்கூனில் பொறுமை பேச வேண்டியிருந்தது.

அதற்கிடையே இரு நாட்டு உறவு முறியாமல் காப்பாற்றப்பட்டது. 1965 டிசம்பரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ரங்கூனுக்கு வந்தார். 1967 மார்ச் 10ஆம் தேதி இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. சீனாவோடு எல்லைத் தகராறில் 1962இல் ரத்தம் சிந்திய நாட்டுக்கு, இன்னோர் எல்லை சமாதானமாக முடிந்தது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கட்டாரி 1969 வரை தூதராக இருந்தார்.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டில் புது வாழ்வு தேடினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அவர்கள் போட்ட கடைகள் 'பர்மா பஜார்' ஆயின. பல ஊர்களில் 'பர்மா காலனி' எழுந்தது. அவர்கள் கொண்டுவந்த 'அத்தோ' இன்றும் சென்னைத் தெருவில் மணக்கிறது. கையில் பணம் இல்லை, கை இருந்தது. அதை வைத்தே பிழைத்துக்கொண்டார்கள்.

இரண்டு தளபதிகள்

ஒரே காலத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு தளபதிகள்.

ஒருவர் 1962 மார்ச்சில் துப்பாக்கி முனையில் நாட்டைப் பிடித்தார். 1988 வரை பிடியை விடவில்லை. அரிசியை ஏற்றுமதி செய்து செழித்த நாடு வறுமையில் விழுந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

இன்னொருவர் அதே 1962 ஜூனில் தம் பதவிக்காலம் முடிந்ததும் சல்யூட் வாங்கிக்கொண்டு வெளியேறினார். பஸ்களை நடத்தினார். தூதராகப் போய், முதல் தளபதி செய்த காரியத்தால் அவதிப்பட்ட ஜனங்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பில் நின்றார்.

இரண்டு பேரில் யார் பெரியவர் என்று பர்மா பஜாரில் கடை போட்ட குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

கட்டாரி தம் வாழ்க்கை அனுபவங்களை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். 'ஒரு மாலுமி நினைத்துப் பார்க்கிறான்' என்பது அதன் பெயருக்குப் பொருள். அது 1982இல் வெளிவந்தது. தளபதி என்றோ தூதர் என்றோ அவர் போட்டுக்கொள்ளவில்லை. மாலுமி என்றே போட்டுக்கொண்டார். 1983 ஜனவரி 21ஆம் தேதி காலமானார். கொச்சிக் கடற்படைத் தளத்தில் 'கட்டாரி பாக்' என்ற குடியிருப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்கு முன்னால் கதவு பூட்டியிருந்தது. இன்று அப்படி இல்லை. கேரளத்தில் எழிமலையில் உள்ள கடற்படைக் கல்லூரியில் அதிகாரிகள் தயாராகிறார்கள். பெண்களும் அதிகாரிகளாகக் கடலுக்குப் போகிறார்கள். ஒரகடம் சாலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. பரீட்சை எழுத வேண்டும், தேற வேண்டும், அவ்வளவுதான்.

கடல் பக்கத்தில் இல்லையே என்ற கவலை வேண்டாம். செங்கல்பட்டிலும் கடல் இல்லை!